ஆடி கழியக் காத்திருந்த கடிதம்

அம்மாவின் முதலாண்டுத் திதிக்கான இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். அம்மாவின் பண்ணையை அரசாங்கம் திடீரென்று எடுத்துக்கொண்டதாக உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்லித் திரிந்தவர் என் பெரியப்பா. அது பொய்.

அம்மா பிறந்தது சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். திருமணமான பின் அப்பாவும் அவரும் பக்கத்திலேயே ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அன்று அங்கே இருந்தது ஆளுயர லாலாங் புல் மட்டும்தான். மூத்தவர் இருக்க இளையவர் பெயரில் பத்திரமா என்று அப்பா தம் அண்ணன் பெயரைப் போட்டார். பெயர் கொடுத்த பெரியப்பா அந்த மண்ணில் ஒரு கன்றுகூட நட்டதில்லை.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா தனியாளாக வாழை, முருங்கை, கறிவேப்பிலை என்று அந்த நிலத்தை நிறைத்தார். தேக்கா உணவகங்களில் உங்களுக்குப் போட்ட வாழையிலைகளில் எத்தனையோ அவர் கையால் அறுத்தவை.

குத்தகையை நீட்டிக்க விருப்பமா என்று அரசாங்கம் கேட்ட கடிதம், பத்திரத்தில் உள்ள பெயருக்கு, தெம்பனிஸில் பெரியப்பா வீட்டுக்குப் போனது. அப்போது ஆடி மாதம். அவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பழத்தட்டோடு கொண்டுவந்தார். பதில் அனுப்ப வேண்டிய நாள் ஆடியிலேயே முடிந்திருந்தது.

"நல்ல விஷயம் லா, ஆடியில எப்படிம்மா கையில கொடுக்கிறது?" என்றார்.

அம்மா தட்டைத் தொடவில்லை. "வாழைக்கு ஆடி தெரியுமா, மாமா? ஒரு போன் அடிச்சிருக்கலாமே!"

அம்மா மறுபடி விண்ணப்பித்தார். பலனில்லை. நிலம் கைவிட்டுப் போனது. அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின், பண்ணை இருந்த பக்கத்து ஜன்னலை அவர் சாகும்வரை திறக்கவில்லை. அந்த ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பண்ணையின் கடைசி நாள்வரை இலைக்கட்டு ஏற்ற வந்த, பிறகு மருத்துவமனைக்கும் கஞ்சியோடு வந்த தேக்கா இலைக்கடை பாய்க்கு என் நன்றி. அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட அடுத்த வீட்டு அக்காவுக்கும் நன்றி.

சென்ற வாரம் பெரியப்பா பேசினார். "திதி ஆடியில வருது. மலரை ஆவணியில போட்டுக்கலாம்மா."

ஆடியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், பெரியப்பா. முதல் பிரதியைத் தெம்பனிஸுக்கு நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அந்தச் சாமி படத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.