பத்துப் பேர் ஜாமீன்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், வேலையில் அடிபட்டு வழக்கு முடியக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் இலவசச் சாப்பாடு போடுகிறோம். பரிமாறுவது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால், பாதியில் எழுந்திருப்பவர்களைத் திட்டுவதும் என் வேலை.

அங்கேதான் அந்த இருவரையும் பார்த்தேன். ஒரே ஊர்க்காரர்கள். மூத்தவரின் வலது கை இயந்திரத்தில் மாட்டி நசுங்கியிருந்தது. ஒரு ஆபரேஷன் முடிந்து, விரல்கள் மடங்குவதற்காக இன்னொன்றுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். செலவு கம்பெனி தலையில். இளையவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது கையால் சாப்பிட மூத்தவருக்கு மனசு வரவில்லை என்று, வாராவாரம் உட்லண்ட்ஸில் ஊழியர்கள் தங்கும் டார்மிலிருந்து வந்து சோறு பிசைந்து ஊட்டிவிடுவார். "நல்ல புருஷன் பொண்டாட்டி!" என்று கிண்டல் செய்வேன்.

இருவரும் இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் குழு லோன். பேங்க் வாசலை மிதிக்க முடியாத கிராமத்துப் பெண்களுக்கு வீடு தேடி வந்து கடன் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. நிலம் வேண்டாம், நகை வேண்டாம், பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால் போதும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். இவர்கள் இருவரின் மனைவிகளும் ஒரே குழு. கம்பெனி மூத்தவரின் சம்பளத்தை இழுத்தடித்ததால், இளையவர் இரண்டு வீட்டுத் தவணையையும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஓவர்டைம் குறைந்ததும் அதுவும் நின்றது.

அந்த ஞாயிறு இளையவர் சோறு பிசையவில்லை. போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்து, "பாருங்கண்ணே" என்றார். வீடியோவில் அவர்கள் ஊர். தகரக் கொட்டகைக்குக் கீழே பெண்கள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நாற்காலியில் வசூலுக்கு வந்தவர். முழுத் தவணையும் சேரும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாதாம். இளையவரின் மனைவி மடியில் காய்ச்சலோடு குழந்தை துவண்டு கிடந்தது. மூத்தவரின் மனைவி வரிசையின் கடைசியில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரோடு யாரும் பேசவில்லை.

"கம்பெனி குடுக்கறத வாங்கிக்கிட்டு ஊருக்குப் போயிருங்கண்ணே. இதுக்கு மேல என்னால முடியல."

வழக்கை வாபஸ் வாங்கினால் ஒரு தொகையும் டிக்கெட்டும் தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியமா உங்களுக்கு? ஆபரேஷன் இருக்கு லா! இப்பப் போனா கை போயிரும். இந்த வாரம் நான் கட்டறேன்."

மூத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் யாரு கட்டுவா, அக்கா?"

அந்த வாரமே அவர் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது இளையவர்தான். அடுத்த ஞாயிறு பழக்கதோஷத்தில் கடைக்கு வந்தார். தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். நான் திட்டவில்லை.

சில மாதம் கழித்து மூத்தவர் ஊரிலிருந்து கூப்பிட்டார். விரல்கள் மரக்கட்டை மாதிரி நிற்கின்றனவாம், மண்வெட்டி பிடிக்க முடியவில்லையாம். கொண்டுபோன பணம் பழைய கடனுக்கே சரியாகப் போய்விட்டது.

"ஆனா அக்கா, கை ஆபரேஷனுக்குப் புது லோன் ஓகே ஆயிருச்சு, வீட்டுக்காரி பேருல. குழுவுல அத்தன பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. மொதல்ல போட்டது தம்பி பொண்டாட்டிதான்."

சந்தோஷமாகத்தான் சொன்னார். இங்கே அவர் கையிலிருந்து ஒரு காசு செலவில்லாமல் தேதி குறித்து வைத்திருந்த அதே ஆபரேஷன். வாரத் தவணை எவ்வளவு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.