ஆறு வயதுக் கையில் உண்மையான கத்தி

நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டிலிருந்து தலைநகர் ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு கிழமைதான். இந்த ஊரில் எனக்கு எல்லாமே பயம்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி இன்று நானும் அவளும், பிள்ளைகள் எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்து பழகும் ஒரு மொண்டிசோரிப் பள்ளிக்குப் போனோம்.

ஆசிரியை அவளைக் கரட் வெட்டும் மேசைக்கு அழைத்தார். கையில் கொடுத்தது விளையாட்டுக் கத்தி அல்ல, கூரான கத்தி.

நான் எழுந்துவிட்டேன்.

"கவனமாகத்தான் வெட்டுகிறாள், நீங்கள் உட்காருங்கள்" என்றார் ஆசிரியை, நோர்வேஜிய மொழியில்.

யார் உட்கார்ந்தது? "ஐயோ பிள்ளை, அதை வை!" என்று கூச்சலிட்டபடி ஓடிப்போய்ப் பறித்தேன்.

வெட்டுப்பட்டது என் விரலில்.

வகுப்பே என்னைப் பார்த்தது. ஆசிரியை காட்ட, மகள் தன் உயரத்திலிருந்த அலுமாரித் தட்டிலிருந்து பிளாஸ்டர் எடுத்துவந்து ஒட்டிவிட்டாள்.

"அம்மா, இஞ்சை கத்தியைப் பறிக்கக் கூடாதாம். கேட்டுத்தான் வாங்கோணுமாம்."

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் கதையைக் கேட்டுவிட்டு, "பிள்ளையைப் பள்ளிக்கு எடுப்பினம். உம்மைத்தான் எடுக்க மாட்டினம்" என்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது சமையல் நடக்கும் குசினியின் வாசலில் மகள் நிற்கிறாள். "அம்மா, கத்தியை ஒருக்காத் தாங்கோ" என்று முறைப்படிதான் கேட்கிறாள்.

பிள்ளைக்குக் கத்தி கொடுத்த அம்மாமார் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள். அவள் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறாள்.