பெட்ரோல் அழுத்தமும் வெள்ளைக் காலணியும்

காருக்குள் பெட்ரோல் வாசனை அடித்தால் அது நிஜமான வாசனையா, என் பயத்தின் வாசனையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் மட்டும் சந்தேகமே இல்லை. பின் இருக்கையில் இருந்த மகள் இரண்டு நாள் பள்ளிக்குப் போகும் வழியில் வாந்தி எடுத்தாள்.

மலேசியாவில், லாபு என்ற ஊரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. எனக்கு நீலாயில் புதிய வேலை. மகளையும் அங்கேயே ஒரு பாலர் பள்ளியில் சேர்த்திருந்தேன். கார் இப்படியே இருந்தால் அவள் ராசா என்ற ஊரில் இருக்கும் மாமியார் வீட்டில் தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் பார்க்க முடியும். மாமியார் போனில், "பிள்ளைய எங்கிட்ட விடு, காடிய நீ வச்சுக்க" என்று காரைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கார் அது. முன்பு வைத்திருந்தவர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் ஒன்றைப் பூட்டியிருந்தார். இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தை அதன் மேலிருக்கும் திருகுதான் முடிவுசெய்யும். போன ஞாயிறு கணவர் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜ் ஒன்றை வாங்கிப் பொருத்தி, தானே அழுத்தத்தைச் சரிசெய்திருந்தார்.

சனிக்கிழமை காலை பானெட்டைத் திறந்தோம். ஒழுகுகிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூவால் துடைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் துடைத்தேன்.

"ஒழுகலமா. நீ டிஷ்யூவத்தான் தீக்கிற," என்றார் கணவர்.

அவர் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கினார். அப்போதுதான் மகள் பின்னாலிருந்து கத்தினாள். "அம்மா, என் சப்பாத்து!" கழுவிக் காயவைத்திருந்த வெள்ளைக் காலணிகள் புகைக்குழாய்க்கு நேராக இருந்தன. அவற்றில் கறுப்புப் பொட்டுகள். எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, எரியாத மிச்சம் கரியாக வெளியே வருகிறது. ஒழுகல் இல்லை என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

"ஏங்க, பிரஷர் எவ்வளவு வச்சீங்க?"

"நாப்பத்து மூணுதான் வைக்கச் சொல்லியிருக்கு. நான் கொஞ்சம் சேத்து வச்சேன்."

"ஏன் சேத்தீங்க?"

"தைப்பூசத்துக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறப்ப டயர்ல கொஞ்சம் கூட காத்து அடிக்கிறோம்ல? இதுவும் அப்படித்தான் லா. மேடு ஏறணும், உங்க ஆளுங்கள ஏத்தணும்."

"எங்க ஆளுங்க வெயிட்டுக்கா பெட்ரோல் பிரஷர்?"

சிரித்துக்கொண்டே குனிந்தபோது ரெகுலேட்டரில் செருகியிருந்த மெல்லிய ரப்பர் குழாயில் என் கை பட்டது. குழாய் கழன்றது, எஞ்சின் தடுமாறியது, கேஜின் முள் ஐம்பதைத் தாண்டி எகிறியது. நான் அலறிவிட்டேன். கணவர் ஓடிவந்து எஞ்சினை அணைத்தார்.

அலறல் அடங்கியதும் யோசித்தேன். அந்தக் குழாய் எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கம் போகிறது. எஞ்சின் ஓடியபடி நிற்கும் காரில் அந்த உறிஞ்சல் அதிகம். அதனால் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்துவைக்கிறது. கணவர் குழாய் மாட்டியிருக்கும்போதே அளந்திருக்கிறார். குறைத்துக் காட்டிய அளவையே நாற்பத்து மூன்றாக்கி, அதற்கு மேலும் கூட்டியிருக்கிறார்! போனில் தேடிப் பார்த்தேன். குழாயைக் கழற்றி, காற்று புகாமல் அதன் வாயை அடைத்துவிட்டுத்தான் அளவு வைக்க வேண்டும் என்றிருந்தது. வேறு இடத்திலும் தேடினேன். அங்கும் அப்படியே.

மகளின் கலர் பென்சில் துண்டு ஒன்று குழாயின் வாய்க்குச் சரியாகப் பொருந்தியது. எஞ்சினை ஓடவிட்டு, பூட்டு நட்டைத் தளர்த்தி, கணவர் திருகை மெல்ல மெல்லப் பின்னால் திருப்பினார். நாற்பத்து மூன்று. நட்டை இறுக்கியதும் முள் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்கி, ஒருவழியாக நின்றது. பென்சிலை எடுத்துக் குழாயை மாட்டினோம்.

"ஐயோ, இறங்கிருச்சுமா!"

"இறங்கணும்ங்க. இப்ப எண்ணெய மிதிங்க."

ஆக்சிலரேட்டரை மிதித்தார். முள் துள்ளி ஏறியது. "டான்ஸ் ஆடுது!" என்று மகளும் துள்ளினாள்.

அன்று நீலாய்வரை ஓட்டிப் போனோம். நான் முன் இருக்கையில் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மகள் ரொட்டி சானாய் கேட்டாள், இரண்டு தின்றாள், திரும்பும்போது தூங்கிப்போனாள். பை காலியாகவே வீடு வந்தது. மாமியாருக்குப் போன் செய்தேன். "அப்ப எனக்குப் பிள்ள இல்லியா?" என்றார். வெள்ளிக்கிழமை கூட்டிவருகிறேன் என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் வாக்குவாதம் கேஜைப் பற்றித்தான். பானெட்டுக்குள் நிரந்தரமாக இருக்கட்டும் என்கிறார் கணவர். சூட்டிலும் குலுக்கலிலும் அந்த மலிவான கேஜே ஒருநாள் கசிந்தால்? அளந்து முடித்ததும் கழற்றி, அது இருந்த துளையை அடைத்துவிடுவது நல்லதல்லவா என்று எனக்குத் தோன்றுகிறது. வீண் பயமோ என்றும் தோன்றுகிறது. பழைய காரில் குழந்தையை ஏற்றிப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.