கட்டிவைத்த சேவல்

கிசுமு நகரில் அகேயோவிடம் தலை பின்னிக்கொள்ளப் போகிறவர்கள் ரகசியங்களை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்பார்கள். கேள்வி கேட்காமல் அவளுக்கு விரல் ஓடாது. புதுச் செருப்பு எங்கே வாங்கியது, பழைய மாப்பிள்ளை எங்கே போனான், எல்லாம் தெரிய வேண்டும். ஆனால் ஒருத்தியிடம் கேட்டதை இன்னொருத்தியிடம் சொன்னாள் என்று யாரும் குறைப்பட்டதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்கே ஒரு விஷயம் பிடிபடவில்லை. பிரிந்துபோன கணவன் ஒவிதி குழந்தைகள் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தான். மூன்று வருடமாக மகன் ஒபியெரோ பள்ளி நாட்களில் அவளிடமும் சனி ஞாயிறுகளில் அவனிடமும் இருந்துவந்தான். இனி முழுக்க அப்பாவிடமே இருக்க வேண்டுமாம். அவள் பதில் போடாவிட்டால் கேட்டபடியே தீர்ப்பாகிவிடக்கூடும் என்று நீதிமன்ற எழுத்தர் எச்சரித்திருந்தார்.

"முடியாதுன்னு ஒரே வரி எழுதிப் போடுடி" என்றாள் பக்கத்து நாற்காலியில் பின்னிக்கொண்டிருந்த தோழி அபுயா. "மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கும்."

"எழுதலாம். ஆனா ஏன் இப்போ? ரெண்டு நாள் சோறு போடவே அலுத்துக்கிற ஆளு. வாரம் முழுக்க வச்சு என்ன பண்ணப் போறான்?"

"புதுப் பொண்டாட்டி சமைப்பா."

"அவ வந்து ரெண்டு வருஷமாச்சே."

பையன் கைவிட்டுப் போய்விடுவானோ என்று பயந்தாள். அதற்கு நடுவிலும் அந்த 'ஏன்' அவளை விடவில்லை.

ஞாயிறு மாலை ஒபியெரோ திரும்பி வந்தான். உகாலிக் களியும் கீரையும் வைத்துவிட்டு உட்கார்ந்தவள் அவன் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்தாள்.

"என்னடா இது?"

"கோடாலி. அப்பா எனக்குன்னு சின்னக் காம்பு போட்டு வச்சிருக்காரு. தோள்ல வச்சு நடந்து பழகணுமாம். எதையும் வெட்டக் கூடாதாம். நான் ஒரு கட்டையை வெட்டிட்டேன். திட்டினாரு."

"வேற என்ன இருக்கு அங்க?"

"சமையல்கட்டுல ஒரு சேவல் கட்டிப் போட்டிருக்கு. சின்னம்மா குழம்பு வைக்கலாமான்னு கேட்டதுக்கு அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு."

அகேயோ பிசைந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். லூவோ இனத்தில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்து வீடுகளெல்லாம் ஒரே வேலிக்குள் நிற்கும் பிறந்த வளவை விட்டுத் தனக்கென்று ஒரு வளவு அமைக்கப் போகிறவன் விடியலில் சேவலோடு புது இடத்துக்கு நடப்பான். மூத்த மகன் கோடாலியோடு கூட வருவான். மகன் வராவிட்டால் அது வளவாகாது.

மறுநாள் ஒவிதியின் பைக் பழுதுபார்க்கும் கடைக்கே போனாள்.

"வளவு கட்டப் போறியா, ஒபியெரோ அப்பா?"

ஸ்பானரைக் கீழே வைத்தான். "யாரு சொன்னா?"

"உன் சேவல்."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அப்பா போயாச்சு. இனி இடம் காட்ட வேண்டியது சித்தப்பாதான். அவரு கேக்குறாரு, 'ஆத்தாகாரி வீட்டுல கிடக்கிற பையன் அன்னிக்கு வரலைன்னா, சேவலைப் பிடிச்சுக்கிட்டு நடுரோட்டுல நிப்பியாடா'ன்னு. கோர்ட்டுல வாங்கிட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஒரு காலை நடைக்கு முழுப் பையனையுமா கேப்பாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டேனே, செமே ஊர்ப் பொண்ணே. அப்பாவை அடக்கம் பண்ணுன அன்னிக்கு. பையனை அனுப்புனியா?"

"அவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு."

"சொன்னே. நான் நம்பல."

"இப்போ?"

"அப்புறமா அவன் முகத்துல தழும்பைப் பாத்தேன். அதுக்கப்புறம் உன் முகத்தைப் பாக்கத்தான் வெக்கமா இருந்துச்சு."

பதிலை அகேயோவே எழுதினாள். பொறுப்பை மாற்றச் சம்மதமில்லை. பள்ளி நாட்களில் மகன் தன்னிடமே இருப்பான். வளவு அமைக்கும் நாட்களில் கோடாலியோடு தந்தையுடன் போவான், தான் தடுக்க மாட்டாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த, லூவோ வழக்கம் தெரியாத எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார்.

"எட்டு வயசுப் பையன் கையில கோடாலியா? இதை எந்தச் சட்டத்துலம்மா சேக்குறது?"

"வெட்ட இல்லைங்க, தூக்கத்தான்" என்றான் ஒவிதி, அவள் பக்கத்தில் நின்றுகொண்டு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நீதிபதி அதையே உடன்பாடாக ஏற்றுக்கொண்டார்.

விடுமுறையில் போன ஒபியெரோ புழுதியோடு திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் அகேயோ ஆரம்பித்துவிட்டாள்.

"சேவல் கூவுச்சா?"

"வழியெல்லாம்!"

"கோடாலி விழலையே?"

"விழல."

"உள்ள எங்கெங்க என்னென்ன?"

"வாசல் ஓரமா எனக்கு ஒரு இடம். பெரியவனானதும் குடிசை போட்டுக்கலாம். சின்னம்மா வீடு வலப்பக்கம்."

"வாசலுக்கு நேரா?" வழக்கப்படி முதல் மனைவியின், அதாவது அவளுடைய, வீடு நிற்க வேண்டிய இடம் அது.

"அங்க ஒண்ணும் இல்லம்மா. சின்னம்மா வீட்டை அங்கேயே வச்சிடுன்னு சின்னத் தாத்தா சொன்னாரு. அப்பா கேக்கல. புல்லாவே கிடக்கட்டும்னுட்டாரு."

அடுத்த கேள்வி தொண்டைவரை வந்தது. அகேயோ மகனின் கையை இழுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் ஆறித் தோல் தடித்திருந்தது.

"போய்க் கை கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றாள்.