டீக்கடையில் நான் சொன்ன சேதி

செவிலிமேட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் தெரு நெசவாளர் ஒருவரை மாதாமாதம் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவேன். அவர் பெயரை எழுத மாட்டேன். ஒருமுறை சொல்லிக் கெடுத்ததே போதும்.

ஒருநாள் தண்ணீர் பிடிக்க உள்ளே போனபோது, எச்.ஐ.வி. மாத்திரை தரும் அறைக்குள் அவர் நுழைவதைப் பார்த்தேன். சாயங்காலமே டீக்கடையில் சொல்லிவிட்டேன். "அவரு கிளாஸ தனியா வைப்பா" என்று கடைக்காரரிடம் சொன்னார் ஒருத்தர். கிளாஸால் ஒட்டாது என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதன்பின் அவர் சவாரிக்கு வரவேயில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி என் ஆட்டோ முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, நீங்க சொன்னதுல ஊரே சிரிக்குது. அவரு ஆஸ்பத்திரிக்குப் போறதையே விட்டுட்டாரு. மாத்திரைய விடாம சாப்பிட்டுக்கினு இருந்ததாலதான் எனக்கு ஒட்டலன்னு டாக்டர் சொன்னாரு. இப்போ எனக்கும் வந்துட்டா, பசங்கள யாருண்ணா பாத்துக்குவாங்க?"

 நேரே அவர் வீட்டுக்குப் போய், தறி ஓரமாக உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் தறியை நிறுத்தினார். பிறகு, "வண்டிய எடுப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார்.

மாத்திரை மறுபடி தொடங்கியது. கூடவே வந்த அந்தம்மாவுக்கு அன்றும், மூன்று மாதம் கழித்தும் பரிசோதித்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

அவர்களைக் கூட்டிப்போன அன்றே நானும் எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். இப்போது டீக்கடையில் நான் டெஸ்ட் எடுத்த சேதியைத்தான் சொல்கிறேன். "உனக்கு எதுக்குபா அந்த டெஸ்ட்டு?" என்று கிண்டல் செய்தால், "நீயும் வா, காசு வேணாம்" என்பேன். இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.