பதினேழாம் நம்பர் காரின் ஒரு சுற்று

சென்ற வாரம் திருவொற்றியூரில் என் கார் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் கசிவு. நல்லவேளை, எதிரிலேயே ஒரு மெக்கானிக் ஷெட். அதன் உரிமையாளர் தர்மன், என் வயதுக்காரர். வெளிநாட்டில் நடக்கும் இருபத்து நாலு மணி நேர கார் ரேஸை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் ஓட்டிகீறேன் சார், சோளவரத்துல. வருசா வருசம் நடக்குமே, பொழுதன்னிக்கும் ஓட்ற ரேஸு. என்து பதினேழாம் நம்பர் ஃபியட்டு!”

“பதினேழா?” என்று கேட்டேன்.

சோழவரம் தெரியுமல்லவா? புழலைத் தாண்டி, உலகப் போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம். போர் முடிந்தபின் அதில் டிரம்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்து வளைவுகள் உண்டாக்கினார்கள் — ரேஸ் டிராக் ரெடி! ரேஸ் என்றால் மெட்ராஸே அங்கே திரளும். கம்ப்யூட்டர் ஏது? சுற்றுகளை எண்ண, ஒரு காருக்கு ஓர் ஆள். கார் கடக்கும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். இன்ஜினீயரிங் முடித்த கர்வத்தோடு நானும் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கொடுத்த கார்? பதினேழு.

“ஒரே ஒரு ரவுண்டுல கப்பு பூட்ச்சு சார். என் தம்பி மணிதான் பெட்ரோல் ஊத்துனான். லேட் பண்ட்டான்னு அத்தினி பேர் முன்னால அட்ச்சிட்டேன். ‘கரீக்டா ஊத்துனேண்ணா’ன்னு அயுதான். நான் நம்பல. தோ, எண்ணூர்லதான் கீறான்... பேச்சே கெடையாது. எங்கம்மா சாவுலகூட.”

நேர்மையைப் பற்றி வாராவாரம் உங்களுக்கு எழுதுகிறேனே — அந்த நான் செய்தது இது.

அன்று ரேஸின் நடுவே எதிர் வளைவில் ஒரு கார் கவிழ்ந்தது. எல்லோரும் எழுந்து பார்த்தோம். மறுபடி உட்கார்ந்து எழுதியபோது, பதினேழின் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றின் நேரம் ஆகியிருந்தது. அப்போதே புரிந்தது. ஒரு கோட்டை விட்டுவிட்டேன்.

ரேஸ் முடிந்ததும் மேலதிகாரி கேட்டார்: “இங்கே மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?”

வேடிக்கை பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? “பெட்ரோல் போட நின்றிருப்பான் சார்” என்றேன். அவரும் அதையே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

பெட்ரோல்!

ஒரு கோப்பையைத்தான் பறித்தேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்... ஒரு தம்பியையே அல்லவா பறித்திருக்கிறேன்?

தர்மனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“என் வண்டில ஏறு சார். என்னாண்ட சொன்னத அவனாண்ட வந்து சொல்லு.”

அந்தக் காலத்து ரேஸ்காரர், எண்ணூர் வரை ஊர்ந்துகொண்டே ஓட்டினார். சைக்கிள்கள் எங்களை முந்தின.

மணி கதவைத் திறந்தார். வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனையே பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த... ஒரு ரவுண்டு சுத்தி வர இத்தினி வருசமா?”

பிறகு அண்ணனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

எனக்குப் போடவில்லை. சரிதானே?