கூடுதலாக இரண்டு கூறு

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, மீனவக் கிராமமான கண்டக்குழியில் ஒரு முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போனேன். விளையாட்டுச் சாமான் என்று அங்கே ஒரே ஒரு பந்து இருந்தது. அதிலும் காற்றில்லை. வேண்டியதை நானே செய்யத் தொடங்கினேன். குப்பை பொறுக்க எனக்கு வெட்கம் கிடையாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வலை மிதப்பில் கண்ணும் வாயும் கீறினால் அது பொம்மை. உல்லாசப் பயணிகளின் விடுதிகளுக்குப் பின்னால் போனால் போத்தல் மூடிகள் வேண்டியமட்டும் கிடைக்கும். பெரும்பாலும் பியர் மூடிகள். பிள்ளைகள் எல்லாரும் முஸ்லிம்கள். அவர்களின் உம்மாமார் கண்டால் என் கதை கந்தல் என்பதால், கழுவிக் காயவைத்து, இரண்டு தரம் பெயின்ற் பூசித்தான் பிள்ளைகளிடம் கொடுப்பேன்.

அந்த மூடிகளை வைத்துச் செய்ததுதான் பங்கு விளையாட்டு. நான்கு பொம்மைகள்தான் மீனவர்கள். பன்னிரண்டு மூடிகளும் மீன்கள். எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டே சரியாகப் பிரிப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி பேசவே மாட்டாள். சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கூட்டிப் போக வரும் அவளுடைய உம்மா வாசலில் நின்று கவலைப்படுவார்.

"ஊட்டுல இவள்ட வாய மூட ஏலாது டீச்சர். இங்க வந்தா மட்டும் கல்லு மாதிரி இரிக்கிறாள். தை மாசம் ஸ்கூலுக்குப் போகணும். அங்கயும் இப்புடியே இருந்தா என்ன செய்யிற?"

எனக்கும் அதே பயம்தான். பெரிய பள்ளிக்கூடத்தில் பேசாத பிள்ளையை மறந்துவிடுவார்கள். தை பிறப்பதற்குள் அவள் குரலை எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அவள் முறை வந்தபோது மூடிகளை இரண்டிரண்டாக ஆறு கூறு வைத்தாள். பொம்மைகளுக்கு முன்னால் நான்கு, தள்ளி இரண்டு. அவற்றை எடுத்து ஆளுக்கு மூன்றாக நான் பிரித்துக் காட்டினேன். நான் கையை எடுக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு மறுபடியும் ஆறாக்கினாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள் நான். எனக்குச் சரியான ஜோடி அவள்.

அடுத்த நாள் வேண்டுமென்றே பதினெட்டு மூடி கொடுத்தேன். மும்மூன்றாக அதே ஆறு கூறு. அப்படியானால் இவளுக்குக் கணக்குப் பிழைக்கவில்லை. யாருக்கோதான் வைக்கிறாள். யாருக்கு? பூனைக்கா, ஜின்னுக்கா? வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் இதே யோசனை. இன்னும் இரண்டு பொம்மைகள் செய்து அந்தக் கூறுகளுக்கு முன்னால் வைத்தேன். தள்ளிவிட்டாள். பூனைப் படம் கீறி வைத்தேன். அதையும் தள்ளினாள். எனக்கு மண்டை காய்ந்தது.

பிறகு ஒரு நாள், என்மேல் இரக்கப்பட்டாளோ என்னவோ, சட்டைப் பையிலிருந்து கிழிந்த வலைத் துண்டொன்றை எடுத்து ஒரு கூறுக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றக் கூறுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தென்னம்பாளைத் துண்டு, மீன்பிடி வள்ளம் மாதிரி.

அவளுடைய உம்மாவிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஓம் டீச்சர், வாப்பாமார் பங்கு பிரிக்கக்குள்ள இவள் பக்கத்துலதான் குந்திக்கொண்டு இரிப்பாள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. அதுக்குப் பொறகுதானே ஆக்களுக்கு. சுகமில்லாம கடலுக்குப் போகாத ஆளுக்கும் எடுத்து வைப்பாங்க."

மீனைத் தின்ன மட்டுமே தெரிந்தவளுக்கு இது எங்கே தெரியும்! அன்றிலிருந்து வள்ளமும் வலையும் என் விளையாட்டில் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டன. அவள் பல்லைக் காட்டிச் சிரித்தாள். சொல் மட்டும் வரவில்லை. மார்கழியும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். ஒரு கிழமைக்கு மேல் எழும்ப முடியவில்லை. உதவிக்கு வரும் பெண்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். திரும்பிப் போன அன்று என் கதிரையில் ஒரு சிரட்டை நிறைய மூடிகள் இருந்தன. உடம்பும் முடியவில்லை, உட்காரவும் இடமில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"யார் இதைக் கதிரையில வெச்ச?"

சிரட்டையை எடுத்து, மூடிகள் போட்டு வைக்கும் தகர ரின்னுக்குள் கொட்டப் போனேன். ஒரு சின்னக் கை என் கையைப் பிடித்தது.

"கொட்டாதீங்க."

நான் நினைத்திருந்ததைவிடக் கரகரத்த குரல்.

"இது என்ன மகள்?" என்று மெதுவாகக் கேட்டேன். பலமாகக் கேட்டால் குரல் ஓடிவிடுமோ என்று பயம்.

"உங்கட பங்கு. நீங்க சுகமில்லாமதானே வரல்ல. நான் ஒவ்வொரு நாளும் எடுத்து வெச்ச."

சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து அழுதேன். டீச்சர் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எண்ணிப் பாருங்க, டீச்சர்," என்றாள். "குறையாது."